சத்யாவுக்கு மரு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பத்தொன்பது வருஷமாகப் புடவை விரித்துப் போட்டு, பேசிப் பேசியே பிழைக்கிறவளுக்கு அது நீளமாகத்தான் இருக்கும். முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்தால் குறைந்தது பதினான்கு பேர் வருவார்கள். அத்தை ஒரு கலர் சொல்லுவாள், சித்தப்பா வேறு கலர் சொல்லுவார், வேன் ஓட்டி வந்த டிரைவர்கூட வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "அந்த மாம்பழக் கலரு சூப்பரா இருக்குதும்மா" என்பார். கல்யாணப் பெண் மட்டும் ஓரத்தில் போனை நோண்டிக்கொண்டிருப்பாள். நான்தான் அவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைப்பேன். "கட்டிக்கப் போறது நீம்மா, நீ சொல்லு" என்பேன். அதனாலேயே கல்யாணக் கும்பல் வந்தால் முதலாளி என்னைத்தான் உட்கார வைப்பார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் பெயர் கிருஷ்ணவேணி. வீடு செவிலிமேட்டில். கீழே நானும் என் வீட்டுக்காரரும் மாமியாரும், மாடியில் என் கொழுந்தன் அஜித்தும் அவன் பெண்டாட்டி சத்யப்ரியாவும். அஜித்துக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. சத்யாவுக்கு ஏனாத்தூர் யூனிவர்சிட்டி ஆபீசில் வேலை, முப்பத்திநாலு வயசு, விக்ரம் என்று ஏழு வயசில் ஒரு பையன். எனக்கும் ரெண்டு பையன்கள், ரெண்டும் காலேஜ், ரெண்டும் பனியனைக் கழற்றிப் போட்ட இடத்திலேயே விட்டுப் போகிற ஜாதி. மொத்த வீட்டிலும் ஒரு பெண் குழந்தை கிடையாது.

பிள்ளை பெற்றபிறகு சத்யா நன்றாகப் பருத்துப் போயிருந்தாள். அப்புறம் என்ன ரோஷமோ, காலையில் பாலாற்றுப் பாலம் வரைக்கும் நடை, மதியம் கொண்டைக்கடலை, சாயங்காலம் வெறும் மோர் என்று ரெண்டு வருஷம் தவம் கிடந்து இருபது கிலோ குறைத்தாள். "காத்தடிச்சா புடிச்சுக்கடி" என்று நான் கேலி செய்வேன். குறைத்த எடை ஒரு வருஷமாக அப்படியே நிற்கிறது. அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுவேன். சிரிக்கக்கூடாது."

"சொல்லு. சிரிப்பு வந்தா அப்புறம் பாத்துக்கலாம்."

"எனக்கு ஒரு ஆபரேஷன் பண்ணிக்கணும்க்கா. இம்பிளான்ட் வெக்கறதா, லிஃப்ட் பண்ணிக்கறதான்னு தெரியல. போன்ல பாத்துப் பாத்துக் கொழம்பிக்கினு இருக்கேன்."

"லிஃப்டா? எதைடி தூக்கணும், தண்ணி டேங்கையா?"

அவள் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் சிரிக்கவில்லை, கத்தினேன்.

"அடிப்பாவி! உனக்குப் புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா? நல்லா இருக்கிற உடம்புல யாராச்சும் கத்தி வெச்சுக்குவாங்களா? யாருக்குடி காட்டப் போற?"

"மெதுவாப் பேசுக்கா, எதிர் வூட்ல கேக்குது. யாருக்கும் காட்டல. எனக்குத்தான். குளிச்சிட்டு வந்தா கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கினுதான் துணி மாத்தறேன். ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, ரெண்டு வருஷமா."

"எல்லாருக்கும் அப்படித்தாண்டி. எனக்கு மட்டும் இன்னா, செலை மாதிரியா நிக்குது?"

"உனக்குப் பரவால்லன்னா உனக்கு இருந்துட்டுப் போவட்டும்க்கா. எனக்குப் பிடிக்கல."

சொல்லிவிட்டு ஈரத் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபது கிலோ குறைக்க நாக்கைக் கட்டியவள், நான் வாழைக்காய் பஜ்ஜி சுடும்போதுகூட அழாதவள், அன்றைக்கு அழுதாள். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. அஜித் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"‘உனக்கு எது சரின்னு படுதோ அது’ன்னு சொல்லிட்டு வண்டியைத் துடைக்க இறங்கிட்டாரு. அரை மணி நேரம் துடைச்சாரு. அன்னிக்கு வெளியில மழை வேற பெஞ்சுக்கினு இருந்துச்சு."

என் கொழுந்தன் எப்போதுமே அப்படித்தான். பெரிய பேச்சு வந்தால் அவனுக்குக் கையில் ஒரு துணி வேண்டும்.

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அம்மா வந்து போகிறார் என்று சத்யாவே விசாரித்து வைத்திருந்தாள். வீட்டில் தோல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு ரெண்டு பேரும் கிளம்பினோம். காஞ்சிபுரத்தில் ரகசியமாக ஒரு இடத்துக்குப் போக முடியும் என்று நினைத்த எங்கள் அறிவை என்ன சொல்ல! ஹாலில் முதல் வரிசையிலேயே காந்தா உட்கார்ந்திருந்தாள். என் மாமியாரோடு மகளிர் குழுவில் இருப்பவள். முழங்கால் வலிக்கு வந்தவள், எங்களைப் பார்த்ததும் வலி மறந்து எழுந்து வந்தாள்.

"இன்னா வேணி, யாருக்கு இன்னா?"

"சத்யாவுக்கு மரு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"எங்க?"

"முதுகுல."

"அதுக்கு நீ எதுக்கு லீவு போட்டுக்கினு வந்தே?"

"முதுகுல இருக்கிறத அவ எப்படிப் பாப்பா? டாக்டர் கேட்டா நான்தானே சொல்லணும்."

சத்யா என் இடுப்பில் கிள்ளினாள். இன்றைக்கும் அந்த இடம் கன்றித்தான் இருக்கிறது.

டாக்டரம்மா ஒல்லியாக, கண்டிப்பான டீச்சர் மாதிரி இருந்தார். நான் யார் என்று கேட்டார். அக்கா என்றேன். கூடப் பிறந்தவரா என்றார். "அதுக்கும் மேல டாக்டரம்மா. ஒரே வூட்டுக்கு வாக்கப்பட்டவங்க" என்றேன். சத்யா என்னையே உள்ளே இருக்கச் சொன்னதால் அவர் விட்டுவிட்டார். திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். எனக்குக் கடைப் பழக்கம் சும்மா இருக்குமா?

"டாக்டரம்மா, இப்போ ரெண்டுல எது ஜாஸ்தி போவுது?"

"எது போகுதுன்னு நான் பாக்கறதில்லைம்மா. இவங்களுக்கு எது வேணும்னுதான் பாக்கறேன்" என்றார். நான் கடையில் சொல்கிற வசனம். என்னிடமே திருப்பிப் போட்டார். அப்புறம் சத்யாவிடம் கேட்டார்.

"நல்லாப் பொருந்தற பிரா போட்டுக்கிட்டா, ‘இது போதும், இப்படியே இருந்தா நல்லாருக்கும்’னு தோணுதா? இல்ல, அப்பவும் இன்னும் பெருசா வேணும்னு தோணுதா?"

சத்யா கொஞ்சம் யோசித்தாள். "போட்டா போதும்னுதான் டாக்டர் இருக்குது. கழட்டினாதான் கஷ்டமா இருக்குது."

"அப்போ உங்களுக்கு அளவுல குறை இல்ல. இருக்கற இடம்தான் இறங்கிப் போச்சு. மார்புக்கு அடியில ஒரு மடிப்பு இருக்கும் பாருங்க, காம்பு அதுக்கும் கீழ போயிருக்கு. இதுல இம்பிளான்ட்னு சிலிகான் பையை மட்டும் உள்ள வெச்சா பாரம்தான் கூடும், இறங்கின இடத்துலயே பெருசாத் தெரியும். அதை வருஷா வருஷம் கவனிக்கணும், பிற்பாடு மாத்தவும் வேண்டி வரலாம். லிஃப்ட்னா தளர்ந்துபோன தோலை எடுத்துட்டு, இருக்கறதை மேல ஏத்தி வெக்கறது. உங்களுக்கு அதுதான் பொருந்தும்."

இம்பிளான்ட், இம்பிளான்ட் என்று போனைப் பார்த்து உருகியவள், "அப்போ அது வேணாமா?" என்று கேட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! கடையில் விலை உயர்ந்த புடவையைக் கேட்டு, உங்களுக்கு அந்தக் கலர் எடுக்காது என்று நான் சொன்னதும் சில பேருக்கு முகம் போகும், அப்படிப் போயிற்று.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. காம்பைச் சுற்றியும் அங்கிருந்து கீழே நேராகவும் தழும்பு இருக்கும், ஒரு வருஷத்தில் மங்கும், அடியோடு மறையாது என்றார். உணர்ச்சி கொஞ்சம் குறையலாம் என்றார். வயசாக ஆக மறுபடியும் ஓரளவு இறங்கத்தான் செய்யும் என்றார். ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது என்றார்.

"தழும்பு வேணாம்டி" என்று நான் ஆரம்பித்தேன்.

"தழும்பு பரவால்லக்கா" என்று சத்யா முடித்தாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "ஒரு முக்கியமான கேள்வி. அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருக்கா? இருந்தா இப்போ வேண்டாம். இப்போ பண்ணிட்டுக் குழந்தை பெத்தா, பண்ணினது கலைஞ்சு போகலாம். பால் குடுக்கறதுலயும் சிரமம் வரலாம். பெத்து, பால் மறக்க வெச்ச பிறகு வாங்க."

"இருக்குது டாக்டரம்மா!" என்றேன் நான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆபரேஷனும் தள்ளிப் போகும், வீட்டுக்குக் குழந்தையும் வரும், ஒரே கல்யாணத்தில் ரெண்டு முகூர்த்தம். "கண்டிப்பா ஒரு பொம்பளப் புள்ள வேணும். எனக்கு ரெண்டும் பசங்க, இவளுக்கும் பையன். வூட்ல ஒரு கொலுசு சத்தம் இல்ல. எங்க மாமியாரு பேரே வெச்சிட்டாங்க, கங்கான்னு. நாங்க ரெண்டு வருஷம் கழிச்சு வர்றோம்."

அவர் எழுதவில்லை. "நான் அவங்களைக் கேட்டேன்" என்றார்.

சத்யா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல டாக்டர். எனக்கு விக்ரம் ஒருத்தன் போதும். இன்னொரு குழந்தை பெத்துக்கப் போறதில்ல."

"வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன். அவருக்கும் சம்மதம்தான். மத்தவங்ககிட்டதான் ரெண்டு பேருக்கும் தைரியம் வரல."

அஜித் மழையில் எதற்கு வண்டியைத் துடைத்தான் என்று இப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அவசரம் ஒன்றும் இல்லை, வீட்டில் உட்கார்ந்து யோசித்துவிட்டு வாருங்கள், முடிவு உங்களுடையது என்று அனுப்பி வைத்தார்.

வெளியே வந்து ஆட்டோ ஏறும் வரைக்கும் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எனக்கே பயமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதுதான் உண்மை. கடையில் பட்டுப் பாவாடை வைத்திருக்கும் அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் பிறக்காத அந்தக் குழந்தைக்கு மனசுக்குள் ஒன்றை எடுத்து வைப்பேன். போன மாசம் வாடாமல்லியில் ஒன்று வந்திருந்தது, அதைக்கூட எடுத்து வைத்தேன். இவள் ஒரே வார்த்தையில் அலமாரியையே மூடிவிட்டாள்.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நானு யாரோவா?"

"நீ கேட்டியாக்கா?"

"நான் கேக்காத நாளு இருக்குதா?"

"எப்போன்னு கேட்ட. அத்தையும் எப்போன்னுதான் கேக்கறாங்க. பக்கத்து வூட்ல, இன்னும் ஒண்ணும் இல்லியான்னு கேக்கறாங்க. ஆபீஸ்ல, அடுத்தது எப்போன்னு கேக்கறாங்க. வேணுமான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. அதற்கும் ஒன்று இருக்கும் என்று தேடினேன். ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு பண்டிகை நாளிலாவது, ஒரு கரண்ட் போன நேரத்திலாவது. இல்லை. ஊரான் வீட்டுப் பெண்ணை எல்லாம் முன்னால் உட்கார வைத்து "நீ சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு, என் வீட்டில் மாடியில் இருப்பவளை நான் கேட்கவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

"சரி, ஏன் வேணாம்?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. அவ்ளோதான்."

ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி எங்களைப் பார்த்தார். "ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். யார் மேலாவது விழ வேண்டியிருந்தது. செவிலிமேடு வருவதற்குள், ஸ்கேனுக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். சத்யா சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தாள்.

வீட்டில் மாமியார் ரேணுகாம்பாள் தயாராக நின்றிருந்தார். கையில் ஒரு மஞ்சள் துணி, அதில் கல்லுப்பும் மிளகும். காந்தாவின் போன் எங்கள் ஆட்டோவை முந்திவிட்டது.

"முதுகுல மருவாமே? எங்கிட்ட சொன்னா இன்னா? உப்பும் மிளகும் கோயில் குளத்துல போட்டா உதுந்துடும். அதுக்குப் போயி டாக்டரு, கீக்டருன்னு! திரும்புடி, எவ்ளோ பெருசுன்னு பாக்கலாம்."

சத்யா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"வயித்துல கங்கா வர்ற நேரத்துல உடம்புல இதெல்லாம் இருக்கக்கூடாது" என்று மாமியார் அவளைத் திருப்பப் பார்த்தார்.

என் நாக்கு நுனியில் மூன்று பொய் வரிசையாக நின்றன. மரு தானாகவே விழுந்துவிட்டது. ரத்தம் குறைவாக இருப்பதால் குழந்தையை டாக்டர் தள்ளிப் போடச் சொன்னார். ராசி சரியில்லை என்று ஜோசியர்கூடச் சொன்னார். எல்லாம் நல்ல பொய்கள், நின்று விளையாடும். ஆனால் அதையும் அவளுக்காக நானேதான் பேசியிருப்பேன். கஷ்டப்பட்டு வாயை மூடினேன்.

"சத்யா, நீயே சொல்லும்மா" என்றேன். "நான் இங்கதான் நிக்கறேன்."

அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "அத்தை, மரு இல்ல. மாரு தொங்கிப் போயிருக்குது, அதை ஏத்தி வெக்கற ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். இன்னொரு கொழந்தை பெத்துக்கப் போறதில்ல. நானும் அவரும் பேசிட்டோம். உங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். அவர் சத்தம் போட்டால் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். பேசாமல் உட்கார்ந்தால் என்ன செய்வது என்று தெரியாது.

"வலிக்குமா?" என்றார்.

"கொஞ்ச நாளைக்கு இருக்கும் அத்தை."

"எத்தினி நாளு கொடம் தூக்கக்கூடாது?"

"ஆறு வாரம்."

"கங்கா வேணாமா?"

"வேணாம் அத்தை." சத்யாவின் குரல் உடைந்தது. ஆனால் வார்த்தை மாறவில்லை.

மாமியார் மஞ்சள் துணியைப் பிரித்தார். மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"எனக்கு நாலு. மூணோட போதும்னு இருந்துச்சு. இடுப்பு விட்டுப் போச்சு, நாத்து நடக் குனிஞ்சா நிமிர முடியல. எங்கிட்ட யாரு வேணுமான்னு கேட்டாங்க? என் மாமியாரு கேட்டாங்களா, அவரு கேட்டாரா? கேட்டிருந்தா அஜித் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினோம். ஷிப்ட் முடிந்து எப்போது வந்தானோ, அஜித் ஒரு கையில் கம்பெனி பையும் இன்னொரு கையில் சூடான பஜ்ஜிப் பொட்டலமுமாக நின்றுகொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயசு ஆளின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை.

"அம்மா..."

"உள்ள வாடா" என்றார் மாமியார். "நாலு பேர்ல உன்னைத்தானே நான் இடுப்புல இருந்து எறக்கி விடாம வெச்சிருந்தேன். அது வேற, இது வேற."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன், அப்படியும் நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். சத்யா சிரிக்கவில்லை. மாமியாரின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் மிளகு வாசனை அடிக்கிற கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அஜித் பஜ்ஜிப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றி வந்தான். கடைசியில் டிவி மேல் வைத்துவிட்டு, பெண்டாட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"ஆறு வாரம்னா நான் இப்பவே லீவு எழுதிக் குடுக்கணும்" என்றான். "என்னிக்கு வெச்சுக்கலாம், சத்யா?"

"மே மாசம்" என்றாள். "விக்ரமுக்கு ஸ்கூல் லீவு விட்டப்புறம்."

சரி என்றோம், மூன்று பேரும்.